வாயைப் பார்த்து வாங்குங்கள்

மாடு வாங்கப் போனால் சுழி பார்க்கிறோம், பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். அந்த மாட்டுக்குத் தட்டு வெட்டிப் போடுகிற மெஷினை வாங்கும்போது மட்டும், "எத்தனை ஹெச்.பி.?" என்ற ஒரே கேள்வியோடு பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். காங்கேயம் பக்கத்தில் முப்பது வருஷமாக மாடு வைத்திருக்கிறேன். என்னைக் கேட்டால், முதலில் மெஷினின் வாயைப் பாருங்கள்.

வாய் என்பது தட்டை உள்ளே கொடுக்கிற தகரத் தொட்டி. அதன் கடைசியில் பல் வைத்த இரண்டு ரோலர்கள் தட்டைக் கவ்வி இழுக்கும். அதற்கு அப்பால், சக்கரத்தில் முடுக்கிய கத்திகள் சுழன்று நறுக்கும். கத்தியைப் பார்த்து எல்லாரும் பயப்படுகிறார்கள். கையைக் கத்திவரை இழுத்துப் போவது ரோலர். எங்கள் முதல் மெஷினுக்கு வாய் ஒன்றரை அடிகூட இல்லை, மேல்மூடியும் கிடையாது. ஒருநாள் சோளத்தட்டு அடைத்துக்கொள்ள, என் மாமியார் கையால் தள்ளினார். வளையலோடு சேர்த்துக் கவ்வியது. ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். சக்கரம் நிற்கவில்லை. கனத்த இரும்புச் சக்கரம், கரண்ட் போன பிறகும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அவருக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

அதனால் இப்போது யார் யோசனை கேட்டு வந்தாலும் நான் சொல்வது இது: வாய் மூன்றடி நீளமாவது இருக்கட்டும், ரோலர் பக்கம் பாதிக்கு மேல்மூடி இருக்கட்டும். ரோலரைப் பின்பக்கம் சுற்றவைக்கும் கம்பி கட்டாயம் வேண்டும். அது நிற்கிற இடத்திலிருந்தே இடுப்பாலோ முழங்கையாலோ தட்டிவிடும் தூரத்தில் இருக்க வேண்டும். கடையிலேயே மெஷினை ஓட்டச் சொல்லி, கம்பியைத் தள்ளிப் பாருங்கள். ரோலர் உடனே தட்டைத் திருப்பித் துப்ப வேண்டும். பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் கூண்டு இல்லாத மெஷினை, விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஹெச்.பி.யைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். கறவை மாடு ஒன்றுக்கு நாளைக்குச் சுமார் 20 கிலோ பசுந்தீவனம், 5 கிலோ உலர்தீவனம் என்று வைத்தாலும் நான்கு மாட்டுக்கு 100 கிலோதான். சிங்கிள் பேஸில் ஓடும் 2 ஹெச்.பி. மோட்டார் அதற்குத் தாராளம். கோ-4 புல்லை முற்றவிடாமல் 45 நாளைக்கு ஒருமுறை அறுத்தால் அதே மோட்டார் முக்காமல் இழுக்கும். த்ரீ பேஸ் வைத்திருப்பவர்கள், ஒயர் மாற்றிய ஒவ்வொரு முறையும் சக்கரம் சரியான பக்கம் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கத்தி விஷயத்தில் எனக்கு குரு எங்கள் ஊர் லேத் பட்டறைக்காரர். "அக்கா, சாய்வுப் பக்கத்தை மட்டும் தீட்டோணும். மட்டமா இருக்கிற பக்கத்துல கல்லு வெச்சீங்கன்னா கத்தி போச்சு" என்பார். ஒரு கத்தியை மட்டும் தீட்டிப் போடவும் விடமாட்டார். எடை மாறினால் சக்கரம் உதறும். உதறினால் போல்ட் தளரும். தளர்ந்த போல்ட்டோடு கத்தி பறந்தால் எதிரில் நிற்பது நாம்தான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ப்யூஸைப் பிடுங்கிவிட்டு எல்லா போல்ட்டையும் ஸ்பானர் வைத்து இறுக்குகிறேன். கத்திக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே நோட்டுத்தாள் ஒன்றை நீட்டி, சக்கரத்தைக் கட்டையால் மெல்லத் தள்ளுவேன். தாள் சுத்தமாக அறுபட்டால் சரி. மடங்கினால் இடைவெளி கூடிவிட்டது, அல்லது முனை மழுங்கிவிட்டது. மழுங்கிய கத்தி புல்லை நறுக்காது, நார்நாராகக் கிழிக்கும்.

வெளியிலிருந்து வாங்கும் வைக்கோல் கட்டை உதறாமல் கொடுக்காதீர்கள். உள்ளே கிடக்கும் கம்பித் துண்டு முழுசாக இருந்தால் மாடு தின்னாமல் விடலாம்; மெஷின் அதை நறுக்கித் தீவனத்தோடு கலந்துவிட்டால் மாட்டுக்குத் தெரியாது. விழுங்கிய கம்பி இரண்டாம் வயிற்றில் தங்கும், அங்கிருந்து நெஞ்சுப் பக்கம் குத்திக்கொண்டு போகும். அப்படி ஒரு செவலைப் பசுவை நான் பறிகொடுத்திருக்கிறேன். இன்னொன்று: கதிர் வராத இளஞ்சோளத்திலும், வறட்சிக்குப் பின் மழையில் துளிர்த்த கட்டைப்பயிரிலும் இருக்கும் சயனைடு நச்சு, நறுக்குவதால் போய்விடாது.

மோட்டாருக்கு எர்த் கம்பி போட்டிருக்கிறதா என்று கரண்ட்காரரைக் கூப்பிட்டுப் பாருங்கள். பச்சைப்புல் ஈரம் கையில் எப்போதும் இருக்கும்.

சாயங்காலம் கடைசியாக ஒரு கைப்பிடி காய்ந்த வைக்கோலை ஓட்டுவேன். கத்தியில் ஒட்டிய புல்சாறு போய்விடும். சக்கரம் முழுக்க நின்றதும் கத்தியில் எண்ணெய் தடவி, ப்யூஸ் கட்டையைப் பிடுங்கி அடுப்படி மாடத்தில் வைப்பேன். பேரன் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் அது.