பவிசுக்கு வாங்கிய சாமான்கள்

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம், இங்கிலாந்தின் லீட்ஸில் ஜவுளித் தொழில் படித்துத் திரும்பி, 1930களின் நடுவில் தொடங்கிய ஸ்டுடியோ. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938), ‘மந்திரி குமாரி’ (1950), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) எல்லாம் இங்கே உருவானவை. அரசர்களும் கொள்ளையர்களும் வந்துபோன அந்த வளாகத்துக்கு வெளியே, லாரியும் கோழிப்பண்ணையும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியும் பல குடும்பங்களை ஒரே தலைமுறையில் தூக்கிவிட்டன. அந்த வீடுகளின் கூடத்துக்குள் கேமரா அதிகம் நுழையவில்லை. தமிழ்த் திரை இழந்த நல்ல நகைச்சுவை அங்கேதான் கிடக்கிறது.

பவிசு காட்டுவதைக் கதையாக்கத் தமிழுக்குத் தெரியாமல் இல்லை. கே.பாலசந்தரின் ‘பாமா விஜயம்’ (1967) ஒன்று போதும். பக்கத்து வீட்டுக்கு ஒரு நடிகை குடிவருகிறாள். அதுவரை ஒற்றுமையாக இருந்த மூன்று மருமகள்கள், அவள் கண்ணில் ஏழையாகப் பட்டுவிடக் கூடாதென்று கடனிலும் தவணையிலும் சாமான்களை வாங்கிக் குவிக்கிறார்கள். மாமனாராக டி.எஸ்.பாலையா. சௌகார் ஜானகி, காஞ்சனா, ஜெயந்தி மூவரையும் படம் கெட்டவர்களாகக் காட்டவே இல்லை. சம்பளத்துக்கும் ஆசைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சாதாரணப் பெண்கள் அவர்கள். அந்தப் பரிவுதான் படத்தை இன்றும் தாங்கிப் பிடிக்கிறது.

இதே பரிவு பிபிசியின் ‘கீப்பிங் அப் அப்பியரன்சஸ்’ (1990–95) தொடரிலும் உண்டு. ராய் கிளார்க் எழுத, பெட்ரீஷியா ரௌட்லெட்ஜ் நடித்த ஹையசிந்த், கையால் பூ வரைந்த ராயல் டால்டன் கோப்பையில் காபி கொடுப்பார். உடைந்துவிடுமோ என்ற பயத்திலேயே பக்கத்து வீட்டு எலிசபெத்தின் கை நடுங்கும். வசதியில்லாத தங்கைகளை ஊர் பார்க்காமல் மறைக்கப் பார்க்கும் அதே ஹையசிந்த், அப்பா காணாமல் போனால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவார். மகன் ஷெரிடனோ தொடர் முழுக்கத் திரையில் வருவதே இல்லை. பெரும்பாலும் பணம் கேட்டு ஃபோன் மட்டும் வரும்.

தலைமுறை மோதலை நம்மவர்கள் இன்னும் துணிச்சலாகவே கையாண்டிருக்கிறார்கள். ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) வேலை போன இளைஞனுக்குப் பெண் கிடைக்க, அவன் நண்பன் பணக்கார அப்பாவாக வேஷம் போடுகிறான். பணத்தைப் பற்றிப் பேச நரைத்த தலை வேண்டும் என்ற வழக்கத்தை ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் பிடித்த பிடி அது. விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) அதையே கண்ணீர்வரை கொண்டுபோனது. வீட்டுச் செலவுக் கணக்கில் தகராறு முற்றி, அப்பாவுக்கும் மூத்த மகனுக்கும் நடுவே வீட்டுக்குள் கோடு விழுகிறது. கடைசியில் மூத்த மருமகள் தனிக்குடித்தனமே மேல் என்று முடிவெடுப்பதை, ‘கூடி வாழ்ந்தால்’ பாட்டே பாடிவந்த சினிமாவில் பெரிய விஷயமாகச் சொல்ல வேண்டும்.

இவை பெரும்பாலும் மாதச் சம்பளக் குடும்பங்களின் கதைகள். நாமக்கல் பக்கத்துப் பவிசு வேறு மாதிரி. இங்கே கல்யாணப் பத்திரிகையில் அப்பாரு பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயரும் தோட்டத்துப் பெயரும் இருக்கும். பேரன் பெயருக்குப் பின்னால் பட்டமும் அடைப்புக்குறிக்குள் வெளிநாடும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் அப்பா, கிளீனராகத் தொடங்கி லாரி வாங்கியவராக இருக்கலாம். அந்தக் கதை மட்டும் அச்சில் வராது. சம்பந்தி வீட்டார் வரும் நாளில் எந்த வண்டி வாசலில் நிற்க வேண்டும், யார் பேச வேண்டும், யார் பேசாமல் இருப்பது நல்லது என்றெல்லாம் முந்தின ராத்திரியே முடிவாகிவிடும். கல்யாணம் தள்ளிப்போகும் ஒரு விவசாயியை வைத்து, நிலம், கௌரவம், சாதி எல்லாவற்றையும் பெருமாள்முருகன் ‘கங்கணம்’ நாவலில் எழுதிக் காட்டியிருக்கிறார். எழுத்தில் நடந்தது திரையில் நடக்காமல் போக நியாயமில்லை.

தொடர் எடுப்பவர்கள் இதற்குப் பெரிய செட் போட வேண்டியதில்லை. ராசிபுரம் பக்கம் ஒரு வீடும், கொங்குப் பேச்சு பிசகாமல் பேசும் நாலு நடிகர்களும் கிடைத்தால் நாளைக்கே தொடங்கலாம்.