இருளில் ஓடும் குதிரையைப் படம்பிடிக்க

மைசூருத் தசராவின் நிறைவு நாளான விஜயதசமியன்று, தங்க அம்பாரியைச் சுமந்த யானையின் ஊர்வலம் அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் நோக்கிச் செல்கிறது. அன்றிரவே பன்னிமண்டபத் திடலில் தீப்பந்த அணிவகுப்பு நடைபெறுகிறது. குதிரை வீரர்களின் சாகசங்களையும், இருளில் சுழலும் தீப்பந்தங்களையும் படம்பிடிக்கப் பலரும் கேமராவுடன் செல்கின்றனர். வீடு திரும்பிப் பார்க்கும்போதோ, குதிரை புகைபோல் கலங்கியும் தீப்பந்தம் வெறும் வெண்புள்ளியாகவும் காணப்படுகின்றன. அடுத்த வாய்ப்புக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

இதற்குக் காரணம் தானியங்கி முறை. ஒளி குறைவாக இருக்கும்போது கேமரா தன் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து ஒளியைச் சேர்க்க முயல்கிறது. எதிரே இருப்பது கோபுரமா, ஓடும் குதிரையா என்பதை அது எப்போதும் சரியாக உணர்வதில்லை. ஆகவே அந்த முடிவை நாமே எடுப்பதற்கு ‘மேனுவல்’ முறை உதவுகிறது.

இதனை ஒரு வரவு செலவுக் கணக்காகக் கொள்ளலாம். ஷட்டர் வேகம், லென்சின் துளை அளவு, ஐ.எஸ்.ஓ. ஆகிய மூன்றும் அதன் தலைப்புகள். தானியங்கி முறையில் கேமரா 1/30 வினாடி, எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 1600 என்று தேர்ந்தெடுத்ததாகக் கொள்வோம். பாயும் குதிரையை உறையவைக்க ஏறத்தாழ 1/500 வினாடி தேவை. அப்போது உள்ளே வரும் ஒளி சுமார் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். லென்சின் துளையை எஃப் 2.8 அளவுக்கு விரித்தால் ஒளி நான்கு மடங்காகும். ஐ.எஸ்.ஓ.வை 6400 ஆக உயர்த்தினால் படத்தின் வெளிச்சம் மேலும் நான்கு மடங்கு கூடும். நான்கை நான்கால் பெருக்கப் பதினாறு, கணக்கு நேராகிவிட்டது.

இச்சரிகட்டலுக்கு விலை உண்டு. துளை விரியும்போது தெளிவாகத் தெரியும் ஆழம் சுருங்கும், ஐ.எஸ்.ஓ. உயரும்போது படத்தில் மணல்போன்ற புள்ளிகள் தோன்றும். புள்ளிகளைக் கணினியில் ஓரளவு குறைக்கலாம். அசைவினால் கலங்கிய முகத்தை அவ்வளவு எளிதில் மீட்க இயலாது. எனவே முதலில் ஷட்டர் வேகத்தை உறுதி செய்து, மற்ற இரண்டையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்வதே முறை.

எஃப் 2.8 வரை விரியாத லென்ஸ் வைத்திருப்போர் மனம் தளர வேண்டியதில்லை. 1/60 வினாடியில், குதிரை செல்லும் திசையிலேயே கேமராவைச் சீராகத் திருப்பியபடி படமெடுக்கலாம். பின்னணி கோடுகளாக ஓட, வீரர் ஓரளவு தெளிவாக நிற்பார். பல முயற்சிகளில் ஒன்றிரண்டே தேறும் என்பதால் தொடர்ந்து பல படங்கள் எடுப்பது நல்லது.

தீப்பந்தங்களுக்கு வேறு வழி. கரிய பின்னணியைக் கண்ட ஒளிமானி, படத்தைத் தேவைக்கு மேல் வெளிச்சமாக்கச் சொல்லும். அது காட்டும் அளவினும் ஒன்றிரண்டு படி குறைத்தால் சுடரின் நிறம் நிலைக்கும். பந்தங்கள் வரையும் ஒளிவட்டங்களே வேண்டுமெனில், கேமராவை முக்காலியில் பொருத்தி, ஐ.எஸ்.ஓ.வைத் தாழ்த்தி, ஷட்டரை ஓரிரு வினாடிகள் திறந்து வைக்க வேண்டும். இங்கே அசைவே படமாகிறது.

கேமராவுடன் இணைந்த ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். தொலைவு இரட்டித்தால் அதன் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். திடலின் நடுப்பகுதியை அது எட்டாது. அருகில் இருக்கும் குதிரையையும் மிரளச் செய்யலாம்.

பயிற்சிக்குத் தசரா வரை காத்திருக்க வேண்டாம். மாலை மங்கியபின் தெருவிளக்கின் கீழ் செல்லும் மிதிவண்டியைப் படமெடுங்கள். 1/30, 1/125, 1/500 என வேகத்தை மாற்றி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வாரப் பயிற்சியில் விரல்களே அமைப்புகளை அறிந்துகொள்ளும். பின்னர் பன்னிமண்டபத்தில் குதிரை பாயும் நொடியில், உங்கள் கண் கேமராவின் எண்களில் அல்லாமல் குதிரையின் மீதே இருக்கும்.