கடல் கட்டிக் கொடுத்த வீடுகள்

எங்கள் தூத்துக்குடியில் பழைய வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்த இடத்தைப் பாருங்கள். செங்கல்லுக்குப் பதில், தேனடை மாதிரி பொத்தல் பொத்தலாக ஒரு கல் தெரியும். அதுதான் முருகைக்கல். கடலுக்கடியில் பவளப் பூச்சிகள் வளர்த்த கல்.

மலை இல்லாத மணல் பூமியாச்சே! அந்தக் காலத்தவர் கல்லையும் கடலிலிருந்தே எடுத்தார்கள். சிப்பியைச் சுட்டு, நீற்றி, சுண்ணாம்பாக்கிப் பூசினார்கள்.

பிறகு சுண்ணாம்புக் காளவாய்க்கென்று வள்ளம் வள்ளமாக அள்ள ஆரம்பித்ததுதான் வினை. தீவுகளுக்கு அலையைத் தடுக்கும் அரணே பவளத்திட்டுதான். அரண் போனதும் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற 2 தீவுகள் மூழ்கியே போயின. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்கா ஆயின. 2001-ல் பவளத்துக்கும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு வந்தது.

ஆகவே சகோதரிகளே, இனி அந்தக் கல் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. இருக்கிற வீட்டையாவது காப்பாற்றுவோம். 'சிமென்ட் பூசிட்டா கெட்டி'ன்னு கொத்தனார் சொன்னால் தலையாட்டாதீர்கள். முருகைக்கல் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே அடைபட்டு, சுவர் பொரிந்து உதிரும். அதற்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் ஏற்றது.