அலையின் இயல்பு

‘அலை’ என்னுஞ் சொல் தமிழிலே பெயராகவும் வினையாகவும் வழங்கும். ஆயின் அலைவது யாது? சருகு மிதக்குங் குளத்தில் ஒரு கல்லை இடுவோம். வட்டமாய் எழும் அலை கரையை எட்டும். சருகோ எழுந்து தாழ்ந்து, ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். பயணஞ் செய்தது நீரன்று, சக்தியே. இதுவே பௌதிக நூலார் கூறும் முதல் இலக்கணம்.

இரண்டாவது, அலை வளையும் என்பது. மொனராகலையிலிருந்து சியம்பலாண்டுவ வழியாகக் கிழக்கே செல்வோர் பொத்துவிலையும் அதனை அடுத்த அறுகம் குடாவையும் காண்பர். அலைச்சறுக்கு வீரர் பல நாடுகளிலிருந்தும் அங்கு வருவதற்குக் காரணம் உண்டு. ஆழங் குறையுமிடத்து அலையின் வேகமுங் குறையும். ஆதலின், நிலமுனையை ஒட்டிய பாகம் பின்தங்க, ஆழத்திலுள்ள பாகம் முந்த, அலை முனையைச் சுற்றி வளைந்து குடாவினுள் நீள்கின்றது. இதனை முறிவு என்பர். தடையின் மறைவிலும் அலை பரவுதல் கோணல் எனப்படும்.

மூன்றாவது, மேற்பொருந்துகை. இரண்டு அலைகள் சந்திக்கையில் முடியோடு முடி சேரின் நீர் மிக உயரும். முடியோடு தாழி சேரின் தணியும். கடந்தபின் இரண்டும் தத்தம் வழியே செல்லும்.

இவ்வியல்புகளை ஏட்டளவில் நிறுத்தல் தகாது என்பதை 2004 டிசெம்பர் 26 நமக்கு உணர்த்திற்று. அன்று சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கிற்று. அங்கு பிறந்த சுனாமியோ மிக நெடிய அலைநீளம் உடையது. 4,000 மீற்றர் ஆழத்தில் அத்தகைய அலை மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர் விரையும். 10 மீற்றர் ஆழத்தில் அவ்வேகம் 36 கிலோமீற்றராகும். முன்பாகம் தளர, பின்பாகம் நெருங்கிவர, சக்தி ஒடுங்கி அலை ஓங்குகின்றது. கரையிலோ நீரே நிலத்தின்மேற் பாய்கின்றது.

ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் நமது கிழக்குக் கரை தாக்குண்டது. மேற்குக் கரையைத் தீவே மதிலாய் நின்று காக்கும் என எண்ணத் தோன்றும். அலையோ தென்முனையைச் சுற்றி வளைந்து அங்குஞ் சென்றது. தென்மேற்குக் கரையிலே பெரலியவில், முதல் அலைக்குத் தப்பியோர், நின்ற புகைவண்டியைப் புகலிடமாகக் கொண்டனர். அடுத்து வந்த அலை முன்னதினும் பெரிது. 1,000 பேருக்கு மேல் அங்கு மாண்டனர்.

மலையடியில் வாழும் நம் மாணவரும் கடற்கரைக்குச் சுற்றுலாச் செல்வர். தொழிலின்பொருட்டு அங்கு குடியேறுவோரும் உளர். அவர்கட்கு நாம் சொல்வது இது: கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கின், அது அலையின் தாழி, முடி பின்னே வருகின்றது. வேடிக்கை பாராது மேட்டுநிலம் நாடுக. முதல் அலை ஓய்ந்ததென்று உடனே இறங்காதிருக்க. தாழி இன்னதென்று அறிந்த ஒரு மாணவன், தன்னோடு நிற்கும் பலரையுங் காப்பான்.