உரசி எச்சரிக்கும் சுருட்டை விரியன்

இந்தியாவில் மனிதரை அதிகம் பலிகொள்ளும் நான்கு நச்சுப்பாம்புகளில் மிகச் சிறியது சுருட்டை விரியன். மற்றவை நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன். 1801இல் ஜெர்மானிய விலங்கியலாளர் ஷ்னைடர் இதற்கு அறிவியல் பெயரிட்டார். தென்னிந்தியத் துணையினம் பெரும்பாலும் ஓர் அடியைச் சற்றே தாண்டும். வடமேற்கு இந்தியாவிலுள்ள துணையினம் 80 சென்டிமீட்டர் வரை வளரும்.

திண்டுக்கல் மாவட்டம் சாணார்பட்டி வட்டாரம் போன்ற வறண்ட சமவெளிகளில் காணும் கல்லும் முள்ளும் நிறைந்த கரட்டு நிலம் இதற்கு ஏற்ற இடம். பகலில் கல்லிடுக்கிலும் புதரடியிலும் ஒடுங்கிக் கிடக்கும். இரவில் வெளிவந்து தேள், பூரான், பல்லி, தவளை ஆகியவற்றைத் தின்னும். முட்டையிடாமல் குட்டி ஈனும்.

ஆபத்தை உணர்ந்தால் இது மற்ற விரியன்களைப் போல மூச்சை இரைத்துச் சீறுவதில்லை. உடலை அடுத்தடுத்த வளைவுகளாக மடித்து, தலையை நடுவில் நிறுத்திக்கொள்ளும். பிறகு வளைவுகளை எதிரெதிர்த் திசையில் நகர்த்தும். விலாவில் சாய்வாக அமைந்த செதில்களின் நடுவே ரம்பப்பல் போன்ற வரம்பு உண்டு. அவை ஒன்றோடொன்று உரசும்போது, காய்ந்த எண்ணெயில் நீர் தெளித்ததுபோன்ற ‘சர்ர்’ ஒலி தொடர்ந்து எழும். பின்வாங்கும்போதும் ஒலி நிற்காது. மூச்சை வேகமாக வெளியேற்றினால் உடலின் ஈரம் வீணாகும். அந்த இழப்பைத் தவிர்க்கவே வறண்ட நிலத்தில் இவ்வழக்கம் உருவாகியிருக்கலாம் என்பது விலங்கியலாளர் கருத்து. ஆப்பிரிக்காவில் நஞ்சற்ற முட்டைதின்னிப் பாம்புகளும் இதேபோல் செதிலை உரசி, விரியனாக நடித்துத் தப்புகின்றன.

எச்சரிக்கையை மீறி நெருங்கினால் மின்னல் வேகத்தில் கடிக்கும். இதன் நஞ்சு இரத்தத்தின் உறைதற்புரதத்தைத் தீர்த்துவிடுகிறது. அதனால் ஈறு, சிறுநீர் வழியே இரத்தம் கசியலாம். மருத்துவர் சிறிது இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பார். உறையாவிட்டால் நச்சுமுறி மருந்து தரப்படும். அந்த மருந்துக்கான நஞ்சை எடுத்துத் தருவதில் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்குண்டு.

இரவில் வரப்பிலும் கரட்டிலும் நடப்போருக்கு டார்ச் விளக்கும் காலணியும் கட்டாயம். உரசும் ஒலி கேட்டால் நின்று, விளக்கடித்துப் பார்த்து, விலகிவிட வேண்டும். கடிபட்டால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.