வருமானம் இல்லாத புரோகிராமருக்கு கிராக் தேவையில்லை

வேலை தேடும் மாதங்களில் மென்பொருள் சந்தா கட்டுவது பெரும் சுமை. டெலிகிராமில் அதே மென்பொருளின் கிராக் சும்மா கிடைக்கும்போது கை அங்கே போய்விடுகிறது. அதை நிறுவ ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். 'ரெட்லைன்', 'லும்மா' போன்ற தகவல் திருடும் நிரல்கள் இப்படித்தான் ஏராளமான கணினிகளுக்குள் நுழைந்தன. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களோடு, லாகின் நிலையில் இருக்கும் கணக்குகளின் குக்கீகளையும் அவை அள்ளிக்கொள்ளும். குக்கீ கைமாறிவிட்டால் பல கணக்குகளில் ஓடிபிகூடக் காப்பாற்றாது.

சட்டமும் இருக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால், இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தாதவருக்குச் சிறை இல்லாமல் 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டும் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பிரதியை வைத்து ஒரு சின்ன ஃப்ரீலான்ஸ் வேலை முடித்துக் காசு வாங்கினாலும் அந்தச் சலுகையைக் கோருவது கடினம்.

இத்தனை ஆபத்துக்கு அவசியமே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். விஎஸ் கோட் இலவசம். விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி பதிப்பில் தனிநபர் சம்பாதிக்கவும் செய்யலாம். ஜெட்பிரெயின்ஸ் 2024 அக்டோபரில் வெப்ஸ்டார்ம், ரைடர் இரண்டையும் வணிகம் சாராத பயன்பாட்டுக்கு இலவசமாக்கியது. கூலி வாங்கும் வேலைக்கு உரிமம் வாங்க வேண்டும். கல்லூரியில் இருப்பவர்கள் கிட்ஹப் மாணவர் தொகுப்புக்குப் படிப்பு முடியும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். தம்பியின் அடையாள அட்டையைக் காட்டி வாங்காதீர்கள். அது பொய்த் தகவல்.

இலவச டிரையலுக்கு கார்டு கொடுத்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும். அப்படிப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதியை வங்கி வழியாகவே ரத்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. சந்தாவிலிருந்து வெளியேறும் வழியை ஒளித்து வைப்பதை 2023இன் நுகர்வோர் வழிகாட்டுதல்கள் தடுக்கின்றன. புகாருக்கு 1915ஐ அழையுங்கள்.

ஏற்கெனவே கிராக் நிறுவியிருந்தால் இன்றே வேறொரு கருவியிலிருந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள், எல்லாக் கணக்குகளிலும் லாக்அவுட் செய்யுங்கள், பிறகு கணினியை முழுதாக அழித்து ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாக நிறுவுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930ஐ அழையுங்கள்.