சேற்றைக் கழுவுமுன் செல்போனை எடுங்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. தண்ணீர் வடிந்ததும் தெருவுக்குத் தெரு ஒரே காட்சிதான். ஊறிப்போன மெத்தை, கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாம் வாசலில் குவிந்து கிடக்க, குப்பை லாரி அள்ளிக்கொண்டு போனது. தூத்துக்குடியில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அப்படித்தான் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார், பினாயில் ஊற்றிக் கழுவினார், பொங்கலுக்குள் வெள்ளையும் அடித்துவிட்டார். வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருப்பது அதன் பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தபோது பார்க்க இருந்தது புதுச் சுண்ணாம்பு பூசிய சுவர் மட்டுமே. தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று காட்ட ஒரு படம்கூட இல்லை. 6,000 ரூபாய் நிவாரணத்துக்கு ரேஷன் கடையில் கால் கடுக்க நின்றவர், தன் சொந்தப் பணத்தில் பிரீமியம் கட்டிய உரிமையைத் தானே கழுவி விட்டுவிட்டார்.

2015 வெள்ளத்தில் சென்னையிலும் இதையேதான் பார்த்தேன். எத்தனை முறை சொன்னாலும் நடப்பது இதுதான். அதனால் திரும்பவும் சொல்கிறேன்: படம் எடுக்காமல் ஒரு பொருளையும் வெளியே போடாதீர்கள்.

முதலில், கையில் இருப்பது என்ன பாலிசி என்று பாருங்கள். வீட்டுக் கடன் வாங்கும்போது வங்கியில் “இன்சூரன்ஸ் போட்டாச்சு” என்பார்கள். பல நேரம் அது கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடு. அவர் இறந்தால் கடனை அடைக்கும். வீடு இடிந்தால் ஒரு பைசா தராது. பாலிசி நகலைக் கேட்டு வாங்குங்கள். ‘தருகிறோம்’ என்று இழுத்தால் கிளை மேலாளருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். கட்டடத்துக்கான பாலிசியாகவே இருந்தாலும், கடன் முடியும்வரை இழப்பீடு வங்கியின் பெயருக்குப் போகும்படி அதில் ஷரத்து இருக்கக்கூடும். அதையும் பார்த்துவிடுங்கள்.

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைத் தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வரும் சேதம் எல்லாம் இதில் அடங்கும். கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, வீட்டுச் சாமான்களும் தானாகவே சேரும். நகை சேராது, அதற்குத் தனியாகக் கேட்டு எழுதிச் சேர்க்க வேண்டும். காப்பீட்டுத் தொகை என்பது திரும்பக் கட்ட ஆகும் செலவுதான், மனை விலை அதில் வராது.

கிளைம் போடுகிறவர்கள் அதிகம் ஏமாறுவது திருட்டில். இந்தப் பாலிசியில் திருட்டு என்றால், வெள்ளமோ தீயோ நேர்ந்து அதையொட்டி 7 நாளுக்குள் நடப்பது மட்டும்தான். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போன நேரத்தில் பூட்டை உடைத்தால் இதில் வராது. அதற்குத் தனித் திருட்டுக் காப்பீடு வேண்டும். அதிலும், உடைத்து நுழைந்த தடயம் பெரும்பாலும் கேட்பார்கள். வீடு தொடர்ந்து 30 நாளுக்கு மேல் பூட்டிக் கிடந்தால் செல்லாது என்றும் சில பாலிசிகளில் ஷரத்து உண்டு. பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும் பெற்றோர் கிளம்புமுன் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போவது நல்லது.

திருட்டுப் புகாரோடு போனால், காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது புகார் வாங்கியதற்கான சீட்டு, அவ்வளவுதான். கிளைமுக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும். திருட்டுக்கு எஃப்.ஐ.ஆர். போட மறுப்பது சட்டப்படி தவறு. மறுத்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4) பிரிவின்படி புகாரை எழுதி மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். பொருள் கிடைக்கவில்லை என்றால், ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற சான்றும் பிறகு தேவைப்படும். சி.எஸ்.ஆரோடு மட்டும் வீடு திரும்பாதீர்கள்.

தீ விபத்தில், அக்கம்பக்கத்தாரே அணைத்துவிட்டால் 101-ஐ யாரும் கூப்பிடுவதில்லை. தீயணைப்புத் துறை வராவிட்டால், கிளைமுக்குக் கேட்கும் அவர்கள் அறிக்கையும் இல்லை. இன்னொன்று: ஷார்ட் சர்க்யூட்டில் கருகிய ஃபிரிட்ஜுக்குப் பணம் வராது. ஆனால் அதிலிருந்து பரவிய தீயில் எரிந்த கதவுக்கும் துணிக்கும் வரும். இந்த வித்தியாசம் தெரியாமல் மொத்தக் கிளைமையும் கைவிட்டவர்கள் உண்டு.

கேஸ் சிலிண்டர் வெடித்தால் வேறொரு வழியும் இருக்கிறது. எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கும் காப்பீட்டின்படி உயிரிழப்புக்கு 6 லட்சம், வீட்டுச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம் கிடைக்கும். நீங்கள் பிரீமியம் கட்டத் தேவையில்லை. ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மற்றதை அவர்கள் நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். வீட்டுச் சேதத்துக்கான தொகை, இணைப்பு பதிவான முகவரிக்குத்தான். வீடு மாறிய பிறகும் பழைய முகவரியிலேயே சிலிண்டர் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் இதை இழப்பார்கள்.

சரி, சேதம் நேர்ந்த அன்று என்ன செய்வது? மின்சாரத்தை நிறுத்துங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறைக்குப் பக்கத்தில் ஒரு அளவு டேப்பைப் பிடித்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு அறையையும், ஃபிரிட்ஜ், டி.வி. பின்புறம் ஒட்டியிருக்கும் தொடர் எண்ணையும் எடுங்கள். நிறுவனத்தின் இலவச எண்ணுக்குப் பேசிக் கிளைம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு நிற்காமல் அன்றே மின்னஞ்சலும் அனுப்புங்கள். ஏஜென்டிடம் வாயால் சொன்னது தகவல் ஆகாது. நாற்றம் எடுக்கும் பொருளை வெளியே போட்டே ஆக வேண்டும் என்றால், படத்தோடு “சர்வேயர் வரும்வரை வைத்திருக்க இயலாது, அப்புறப்படுத்துகிறோம்” என்று முதலில் எழுதி அனுப்புங்கள். பில் நனைந்து போயிருந்தால் கடைக்காரரிடம் நகல் கேளுங்கள், வங்கிக் கணக்குப் பட்டியலில் அந்தத் தொகையைக் கோடிட்டுக் காட்டுங்கள்.

சர்வேயரை 24 மணி நேரத்துக்குள் நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அது கிடைத்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 விதி. ஆனால் நடைமுறையில் ‘இன்னும் ஒரு பேப்பர்’ என்று வாரக்கணக்கில் அலைய விடுகிறார்கள். என்னென்ன வேண்டும் என்று ஒரே பட்டியலாக எழுத்தில் கேளுங்கள். சர்வே அறிக்கையின் நகலையும் கேளுங்கள். குறைவான தொகைக்கு ‘முழுத் திருப்தி’ என்று அச்சிட்ட வவுச்சரை நீட்டினால், “ஆட்சேபத்தோடு பெறுகிறேன்” என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

மறுத்தாலோ குறைத்தாலோ, முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். 155255 என்ற எண்ணிலும், ‘பீமா பரோசா’ இணையதளத்திலும் பதியலாம். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டு ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும், புதுச்சேரி நகரத்துக்கும், காரைக்காலுக்கும் அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை, அண்ணா சாலை 453, ஃபாத்திமா அக்தர் கோர்ட், நான்காம் மாடி. கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் முடியாது. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கலாம், அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தால் ஓம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். எனவே முதலில் ஓம்புட்ஸ்மேன், திருப்தி இல்லாவிட்டால் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஓம்புட்ஸ்மேனுக்கு ஒரு வருடம், நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடம் கெடு. “மேலே அனுப்பியிருக்கிறோம் சார்” என்ற பதிலைப் போனில் கேட்டுக்கொண்டே அந்த ஒரு வருடத்தைத் தொலைத்தவர்கள் பலர். புகாரோடு பாலிசி, மறுப்புக் கடிதம், நீங்கள் குறைதீர் அதிகாரிக்கு எழுதிய கடிதம் மூன்றின் நகலையும் இணைத்து, ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அசல் ஆவணம் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.